மூன்று ஆள் பலகாரம்

உங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு விடிகிறது?

சென்னையில் எங்கள் வீட்டில் ஒன்பதரைக்கு. எழுந்து, பேப்பரைப் புரட்டி, இரண்டாவது காபியும் முடிந்த பிறகு ஒரு கேள்வி மெதுவாகத் தலைகாட்டும். இன்னிக்கு டிபன் என்ன?

வாரம் பூரா ஓடிய அதே மாவில் ஞாயிறும் தோசை என்றால் பிள்ளைகள் ஒத்துக்கொள்வதில்லை. பொங்கல் மகளுக்கு ஆகாது. உப்புமா என்ற சொல்லை எங்கள் வீட்டில் உச்சரிக்கவே கூடாது. கடைசியில் செல்போனில் ஆர்டர் போட்டு, முக்கால் மணி நேரம் கழித்து, வழியிலேயே மூச்சை விட்டுவிட்ட பூரி வந்து சேரும். சாப்பிட்டு முடிக்க ஏழு நிமிஷம். அப்புறம் ஆளுக்கு ஒரு மூலை, கையில் ஒரு போன்.

போன மாசம் இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூரியைப் பிய்த்துக்கொண்டே மகன் கேட்டான். "உங்க ஊர்ல சண்டே என்னப்பா சாப்பிடுவீங்க?"

"சந்தகை" என்றேன்.

"அப்படின்னா?"

எனக்குச் சுருக்கென்றது. பதினோரு வயசுப் பையன். வருஷத்துக்கு மூன்று தடவை ஊருக்கு வருகிறவன். அவனுக்குச் சந்தகை தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் தப்பு அவன் மேல் இல்லை. எங்கள் வீட்டில் சந்தகை பிழிந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சந்தகையை இடியாப்பம் என்று சொல்லிவிடாதீர்கள். எங்கள் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். இடியாப்பத்தில் மாவைப் பிழிந்த பிறகு வேக வைப்பார்கள். சந்தகையில் வேக வைத்த பிறகு பிழிவார்கள். இந்த முன்பின்னில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. இட்லி அரிசியை நாலு மணி நேரம் ஊற வைத்து, உளுந்து கிளுந்து எதுவும் சேர்க்காமல், உப்புப் போட்டு நைசாக ஆட்டி, புளிக்கவும் விடாமல், உடனே துணி போட்ட இட்லித் தட்டில் ஊற்றி வேக வைக்க வேண்டும். வெந்து வருவது பார்க்க இட்லி மாதிரி இருக்கும், தொட்டால் பிசின். அதைச் சூடு ஆறுவதற்குள் அச்சில் போட்டுப் பிழிய வேண்டும். ஆறினால் இறுகிவிடும். அப்புறம் பயில்வானே வந்தாலும் அச்சு அசையாது.

பச்சை மாவையோ பிசைந்த மாவையோ கை பலத்தில் அமுக்கிவிடலாம். வெந்த மாவு அதற்கெல்லாம் மசியாது. அதனால்தான் சந்தகை அச்சுக்கு மூன்று கால், நடுவில் கனமான திருகு, மேலே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடி. ஏதோ லேத் பட்டறையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த சாமான் மாதிரி இருக்கும். ஒருத்தர் அடுப்படியில் ஈடு ஈடாக வேக வைத்து எடுத்துத் தர, ஒருத்தர் பிழிய, ஒருத்தர் கீழே தட்டைப் பிடித்து நூலை வாங்க... குறைந்தது மூன்று ஆள் வேண்டும். தனி ஆளாகச் செய்தால் நாக்குத் தள்ளிவிடும்.

எங்கள் வீட்டில் பிழிகிற ஆள் அப்பா.

அப்பா லாரி டிரைவர். ராசிபுரத்துக்குப் பக்கத்தில் கிராமம். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் அன்றைக்கு எந்தத் தெருவில் நுழைந்தாலும் நாலு பேராவது லாரியில் இருப்பார்கள், இல்லை ரிக் வண்டியில் இருப்பார்கள். அப்பா சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றினால் நாக்பூர், இந்தூர் என்று போய் இறக்கி, அங்கே லோடு கிடைக்கிற வரை காத்திருந்து, திரும்பி வரப் பதினைந்து நாள், இருபது நாள் ஆகும். அவர் வந்து இறங்குகிற நாள் செவ்வாயாக இருக்கும், வியாழனாக இருக்கும். எங்களுக்கு அதுதான் ஞாயிறு. அன்றைக்குப் பள்ளிக்கூடம் மட்டம். மறுநாள் வாத்தியார் கேட்டால், "வயித்து வலிங்க சார்." மாசம் இரண்டு தடவை தவறாமல் வயிறு வலிக்கிற பையன் என்று எனக்கு ஒரு பெயரே இருந்தது.

இந்த ஞாயிறு லீவு சும்மா வந்துவிடவில்லை, தெரியுமா? பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகாண்டே என்ற மனிதர் பல வருஷம் மனு மேல் மனுப் போட்டு, கூட்டம் கூட்டி, 1890 ஜூன் 10-ஆம் தேதிதான் முதலாளிகளை ஒத்துக்கொள்ள வைத்தார். ஆனால், அந்த லீவு லாரியில் ஏறவே இல்லை. கோழிப் பண்ணைக்குள்ளும் நுழையவில்லை. நாமக்கல் முட்டை விலை என்று பேப்பரில் தினமும் ஒரு மூலையில் போடுகிறார்களே... அந்தக் கோழிகளுக்குக் கிழமை தெரியாது. ஞாயிறும் முட்டையிடும். யாராவது எடுத்து அட்டையில் அடுக்கித்தான் ஆகவேண்டும்.

அப்பா பெரும்பாலும் ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்குத்தான் வருவார். தெருமுனையில் லாரிச் சத்தம் கேட்டதும் அம்மா செய்கிற முதல் காரியம் அரிசியை ஊறப் போடுவது. "உங்கம்மா அரிசி களைஞ்சு போட்டுட்டுத்தான் எனக்குக் கதவே தொறப்பா" என்று அப்பா கேலி செய்வார். அவர் தூங்கி எழுவதற்குள் அம்மா ஆட்டாங்கல்லில் ஆட்டி முடித்திருப்பாள். அவர் எழுந்து, குளித்து, சாமி கும்பிட்டு உட்காரப் பதினோரு மணி ஆகிவிடும். காலைச் சாப்பாடா, மத்தியானச் சாப்பாடா என்று சொல்ல முடியாத ஒரு சாப்பாடு.

இதைத்தான் இப்போது பெரிய ஓட்டல்களில் பிரன்ச் என்று சொல்லி, தலைக்கு இவ்வளவு என்று விற்கிறார்கள். 1895-ல் கை பெரிங்கர் என்ற இங்கிலாந்துக்காரர் ஒரு பத்திரிகையில் இந்த பிரன்ச்சுக்காகவே கட்டுரை எழுதி வாதாடியிருக்கிறார். சனிக்கிழமை ராத்திரி கொட்டமடித்துவிட்டு வருகிறவர்கள் ஞாயிறு காலை சீக்கிரம் எழுந்து சாப்பிடுவது கஷ்டமாக இருக்கிறதாம். எங்கள் அப்பாவுக்கு ராத்திரி முழுக்க நெடுஞ்சாலை. மற்றபடி கொள்கை ஒன்றுதான்.

தட்டுப் பிடிப்பது என் வேலை. அச்சின் அடியிலிருந்து நூல் விழ விழ, தட்டை வட்டமாகச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் தூங்கிவிட்டால் ஒரே இடத்தில் குவிந்து மறுபடி மாவாகிவிடும். லுங்கியை மடித்துக் கட்டி, பனியனோடு அப்பா நிற்பார். ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துக் காய்த்த கை. கைப்பிடியைத் திருப்பத் திருப்பத் தோளில் நரம்பு புடைக்கும். கடைசிச் சுற்று வந்ததும், "டாப் கியர்டா" என்பார். ஒரே மூச்சில் அச்சு காலியாகும்.

முதல் ஈடு தேங்காய்ப்பாலுக்கு. ஏலக்காய் தட்டிப் போட்டு, பிலிக்கல்பாளையம் வெல்லம் கரைத்த பால். பரமத்தி வேலூர்ப் பக்கம் காவிரிப் பாசனத்தில் விளைகிற கரும்பைக் காய்ச்சி, பிலிக்கல்பாளையத்தில் ஏலம் விடுகிற வெல்லம். இரண்டாவது ஈடு, கடுகும் கடலைப்பருப்பும் பச்சை மிளகாயும் தாளித்து எலுமிச்சம்பழம் பிழிந்தது. மூன்றாவது ஈடு வருவதற்குள் நாட்டுக்கோழிக் குழம்பு கொதித்து இறங்கியிருக்கும். சூடு ஆறாத அந்த நூல், குழம்பை இழுத்துக்கொள்கிற வேகம் இருக்கிறதே...! பிசைய வேண்டிய வேலையே இல்லை.

சாப்பிடும்போதுதான் அப்பா கதை சொல்வார். இந்தூரில் நம்ம ஊர் ஜவ்வரிசியில் உப்புமா மாதிரி ஒன்று செய்து, காலையிலேயே ரோட்டோரத்தில் விற்கிறான் என்று ஒரு தடவை சொன்னார். நாங்கள் யாரும் நம்பவில்லை. எங்களுக்கு ஜவ்வரிசி என்றால் பாயசம். வெயில் காலத்தில் வத்தல். அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போர்ச் சமயத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றுபோக, 1943-44 வாக்கில் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கை இடித்து, பாலெடுத்து, தெளிய வைத்து, உருட்டி, வறுத்துக் குடிசைத் தொழிலாக ஆரம்பித்தார்கள். 1981-ல் உற்பத்தியாளர்களுக்கென்று சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமே வந்துவிட்டது. இத்தனை ஜவ்வரிசியையும் யார் தின்கிறார்கள் என்று உள்ளூரில் யாரும் கேட்டதில்லை. வடக்கே ஏகாதசி, சிவராத்திரி, நவராத்திரி என்று விரதம் இருக்கிறவர்கள் அரிசியைத் தொடாமல் நம்ம ஜவ்வரிசியைத்தான் சாப்பிடுகிறார்கள். சாபுதானா கிச்சடி!

அம்மாவுக்கு ரோஷம் வந்து, அடுத்த தடவை அப்பா வந்தபோது செய்துவிட்டாள். பாயசத்துக்கு வேக வைக்கிற மாதிரி தண்ணியில் கொதிக்கவிட்டு, தாளித்துக் கொட்டினாள். கரண்டியைத் தூக்கினால் சட்டியும் கூடவே வந்தது. "ஏனுங்க, போஸ்டர் ஒட்டற பசையாட்டம் இருக்குது... இதையா அந்த ஊர்க்காரன் காசு குடுத்துத் திங்கறான்?" அப்பா அடுத்த நடையில் அந்தக் கடைக்காரரிடமே கேட்டுக்கொண்டு வந்தார். கொதிக்கவே விடக் கூடாதாம். ஜவ்வரிசி மூழ்குகிற அளவுக்கு மட்டும் தண்ணி தெளித்து ராத்திரி ஊற வைக்க வேண்டும். காலையில் விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும். நிலக்கடலையை வறுத்து, ஒன்றிரண்டாகப் பொடித்துப் புரட்டி, சீரகம், பச்சை மிளகாய், உருளைக் கிழங்கோடு நாலு கிளறு. இறக்கும்போது எலுமிச்சை. ஊரில் வேறு யார் வீட்டிலும் அந்தக் கிச்சடி கிடையாது. தெருவில் எங்களுக்கு 'இந்தூர் வீடு' என்று பெயர் விழாததுதான் பாக்கி.

இந்தக் கதையில் அம்மா எப்போது சாப்பிட்டாள் என்று கேட்டீர்களா? நானும் கேட்டதில்லை. கடைசி ஈடு இறக்கி, அடுப்பை அணைத்து, அச்சைக் கழுவி வைத்துவிட்டு (மாவு காய்ந்தால் ஊசி வைத்துத்தான் துளையை நோண்ட வேண்டும்) அவள் உட்காரும்போது மணி ரெண்டு இருக்கும். அதற்குள் சந்தகை ஆறி விறைத்திருக்கும். அதில் தயிரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவாள்.

பி.காம். இரண்டாம் வருஷம் காஸ்ட் அக்கவுண்டிங் படித்தபோது ஒரு நாள் வேடிக்கையாக எங்கள் சந்தகைக்குக் கணக்குப் போட்டேன். அரிசி இவ்வளவு, தேங்காய் இவ்வளவு, வெல்லம், விறகு எல்லாம் எழுதியாயிற்று. கூலி என்ற இடம் வந்தது. அம்மாவுக்கு ராத்திரி இரண்டு மணியிலிருந்து மத்தியானம் இரண்டு மணி வரை, பன்னிரண்டு மணி நேரம். அந்தப் பாடத்தில் 'ஐடில் டைம்' என்று ஒன்று வரும். வேலை செய்யாமல் சும்மா இருந்த நேரத்தைத் தனியாகக் கழித்துக் காட்ட வேண்டும். ஆட்டி முடித்ததற்கும் அடுப்பு மூட்டியதற்கும் நடுவில் தேடினேன். வாசல் கூட்டினது, மாட்டுக்குத் தண்ணி காட்டினது, எங்களைக் குளிக்க வைத்தது. அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு சந்தகை சாப்பிடப் போய்விட்டேன். அப்போது எனக்கு வயசு பத்தொன்பது. எழுந்து போய் அம்மாவுக்கு ஒரு ஈடு இறக்கித் தரலாம் என்று தோன்றவில்லை.

அப்பா ஸ்டியரிங்கை விட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதற்கப்புறமும் தீபாவளி, பொங்கலுக்கு நாங்கள் போகும்போதெல்லாம் அவர்தான் பிழிந்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் வலது தோள் இறுகிப்போனது. சர்க்கரைக்காரர்களுக்கு இப்படி வருவது சகஜம் என்றார் டாக்டர். மாத்திரை, பயிற்சி எல்லாம் பார்த்தாயிற்று. சட்டை போட முடிகிறது; தலை சீவ முடிகிறது. கையை உயர்த்தி, பலம் கொடுத்து எதையும் திருப்ப முடியாது.

அதோடு சந்தகையும் நின்றது. ஆனால், அம்மா ஒரு தடவை கூட அந்தக் காரணத்தைச் சொன்னதில்லை. "இந்தத் தடவை அரிசி சரியில்ல கண்ணு." அடுத்த தடவை, "தேங்கா வெலை கேட்டியா?" அதற்கடுத்து, "அச்சு துருப்பிடிச்சுக் கெடக்குது, புதுசு வாங்கோணும்." பதிலுக்கு முட்டை தோசை, பணியாரம், அரிசிம்பருப்பு என்று எதையாவது செய்து எங்கள் வாயை அடைத்துவிடுவாள். அரிசிம்பருப்பைக் குறை சொல்ல முடியுமா? அரிசியும் துவரம்பருப்பும் ஒரே சட்டியில், சின்ன வெங்காயமும் பூண்டும் நிறையத் தட்டிப் போட்டு, குழையாமல் இறக்கி, மேலே ராசிபுரம் நெய் ஒரு கரண்டி. சாப்பிட்டுவிட்டு நானும் சந்தகையை மறந்துபோவேன். பத்திரிகைக்காரன் நான். ஊரில் யாராவது ஒரே கேள்விக்கு மூன்று விதமாகப் பதில் சொன்னால் மூக்கு வியர்க்கிறவன். அம்மா விஷயத்தில் வியர்க்கவே இல்லை.

மகன் கேட்டதற்கு அடுத்த சனிக்கிழமை, குடும்பத்தோடு சேலத்துக்கு ரயில் ஏறினேன். போனதும் அட்டாலியில் ஏறிப் பார்த்தேன். பழைய குண்டா, ஆட்டாங்கல்லின் குழவி, அதற்குப் பின்னால் வெள்ளை மூட்டை ஒன்று. அப்பாவின் பழைய வேட்டி. பிரித்தால் சந்தகை அச்சு. திருகில் எண்ணெய் தடவி, துளைகளில் ஒரு பருக்கை இல்லாமல் மினுமினுவென்று இருக்கிறது. துருவாவது, ஒன்றாவது!

"அம்மா, துருப்பிடிச்சிருச்சுன்னு சொன்னே?"

அம்மா உதட்டில் விரலை வைத்தாள். திண்ணைப் பக்கம் பார்த்தாள். அங்கே அப்பா ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். என்னை ஏணியிலிருந்து இறக்கி, அடுப்படிக்குள் தள்ளிக்கொண்டு போய், காதோடு சொன்னாள். "இத்தன வருஷம் அவரு பிழிஞ்சது. இப்ப ஆளக் கூப்புட்டுப் பிழிய வெச்சா, அவரு மனசு என்னத்துக்காகும்? கேட்டாலும் முடியும்னுதான் சொல்லுவாரு. சொல்லிட்டு, பிழியறேன்னு வந்து நிப்பாரு. அதப் பாக்கறதுக்கு எனக்குத் தெம்பில்ல சாமி."

நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? "இப்பல்லாம் மோட்டார் வெச்ச மிஷினே வந்துருச்சும்மா, வாங்கிடலாம்" என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப்போவதில்லை.

ஞாயிறு காலை ஐந்து மணிக்கு அரிசியை நான் ஊறப் போட்டேன். கிரைண்டரில் ஆட்டியது மனைவி. உப்புப் போட்டது நான். பத்து மணிக்கு அச்சைக் கொண்டுவந்து நடுவாசலில் வைத்ததும், 'டங்'கென்ற அந்தச் சத்தத்தில் திண்ணையில் ரேடியோ நின்றது. அப்பா உள்ளே வந்தார். யாரும் எதுவும் பேசவில்லை. சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார்.

முதல் ஈட்டை அச்சில் போட்டுத் திருகினேன். அரைச் சுற்று போனது. அப்புறம் அசையவில்லை. கம்ப்யூட்டர் தட்டுகிற கை. முகமெல்லாம் வியர்வை. மகள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். மாவு ஆறிக்கொண்டிருக்கிறது. அம்மா கரித்துணியோடு அப்பாவையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"ஒரு பக்கமாச் சாய்க்காதடா" என்றார் அப்பா. "ரெண்டு கைப்பிடியும் சமமாப் போகோணும். சாஞ்சா சிக்கிக்கும். அந்தப் பக்கம் பையனப் புடிக்கச் சொல்லு." மகன் தட்டைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கக் கைப்பிடியைப் பிடித்தான். "பதறாத. மேட்டுல லோடு வண்டி ஏத்தற மாதிரி. மெதுவாப் போ, ஆனா நிறுத்தாத. நிறுத்துனா நின்னுரும்."

நூல் இறங்கியது. கீழே தட்டுப் பிடிக்க ஆள் இல்லை. பாதி நூல் தரையில் விழப் போனபோது, அப்பா மெதுவாக மணையில் உட்கார்ந்து இடது கையால் தட்டை எடுத்தார். முட்டியில் வைத்துச் சுழற்றினார். நாற்பது வருஷத்துக்கு முன்னால் எனக்குச் சொல்லிக் கொடுத்த அதே சுழற்சி.

"கடேசிச் சுத்து வந்தா சொல்லுங்க தாத்தா" என்றான் மகன்.

"வந்துருச்சு. டாப் கியர்."

அந்தத் தட்டை என் மனைவி வாங்கி, தேங்காய்ப்பால் ஊற்றி, "நீங்க மொதல்ல உக்காருங்கத்தை" என்று அம்மாவின் முன்னால் வைத்தாள். அம்மா வழக்கம்போல, "இருக்கட்டும், எல்லாரும் சாப்புடுங்க, அடுப்புல ஈடு இருக்குது" என்று எழப்போனாள். "நான் பாத்துக்கறேன் அத்தை" என்று மனைவி அடுப்படிக்குப் போய்விட்டாள். அம்மா ஒரு வாய் எடுத்து வைத்தாள். ஆவி பறந்துகொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தோம்.

"உப்புப் பத்தல" என்றாள்.

ஆறு ஈடு பிழிந்தோம். அதில் இரண்டு ஈடு நூலாகவே வரவில்லை. துண்டு துண்டாக விழுந்ததை எலுமிச்சம்பழம் பிழிந்து ஒப்பேற்றினோம். கோழிக் குழம்பு முடியும்போது மணி ஒன்றரை. யாரும் போனைத் தேடவில்லை என்று எழுத ஆசைதான். மகள் தேடினாள்; ஆனால், தாத்தா தட்டுச் சுழற்றுவதைப் படம் எடுக்க.

அன்றைக்கு ராத்திரி ரயில் ஏறி, திங்கட்கிழமை விடிகாலை சென்னை. எனக்கு வலது கையைத் தூக்கவே முடியவில்லை. மகன் படுக்கையைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"வயிறு வலிக்குதுப்பா" என்றான்.

நாலு ஈட்டிலும் கை வைத்தவன். நிஜமாகவே வலித்திருக்கலாம். பேனாவை இடது கையில் பிடித்து, லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தேன்.